சபை ஏற்றுக்கொண்ட மறுப்பு

எங்கள் பேஸ்பால் அணிக்குப் புதிய முகாமையாளர் தெரிவான கூட்டத்தைப் பற்றி மொன்றியல் தமிழர்களிடையே ஒரு கதை நிலவுகிறது. தேடி வந்த பதவியை வேண்டாமென்று ஒதுக்கி, இளையவர் ஒருவருக்கு வழிவிட்ட பெரிய மனிதர் ஒருவரைப் பற்றிய கதை அது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பெரிய மனிதர் நான். எனக்கு அந்தப் பதவி வேண்டியிருந்தது.

இதனை இதுவரை எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் யாருடைய பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. பெயர்களைக் காப்பது எனக்குப் பழக்கமான வேலை. என் பெயரைக் காப்பதிலேதான் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டேன் என்று என் மனைவி சொல்லுவாள்.

கிரிக்கெட் ஆடி வளர்ந்த யாழ்ப்பாணத்தவர்கள் பேஸ்பாலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நாங்களாக வரவில்லை. பூங்காவிலே மைதானம் கேட்டு நகரசபைக்கு விண்ணப்பித்த நாட்களில், கிரிக்கெட்டுக்கு இடமில்லை, ஆனால் ஞாயிறு பின்னேரங்களில் பேஸ்பால் திடல் ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது என்று பதில் வந்தது. எங்கள் பிள்ளைகள் அப்போதே பள்ளிக்கூடத்தில் அந்த விளையாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்கள். திடலை வாங்கிக்கொண்டோம், விளையாட்டு பின்னால் வந்தது. நகரத்து லீக்கில் எங்கள் அணி அடுத்தடுத்துக் கிண்ணம் வென்றபின், வில்லரேயிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் உள்ள தமிழ்க் கடைகளில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அணியின் படமும் தொங்கியது. இந்நகரத்தின் பெரிய தொழில்முறை அணி ஊரைவிட்டே போய்விட்டதால், எங்கள் சனத்தைப் பொறுத்தவரை பேஸ்பால் என்றால் எங்கள் அணிதான். அதன் முகாமையாளர் யார் என்பது கோயில் தர்மகர்த்தா யார் என்பதைப் போன்ற ஒரு கேள்வி.

பேஸ்பாலில் முகாமையாளர் என்பவர் மேசையில் இருந்து கடிதம் எழுதும் அதிகாரி அல்லர். யார் முதலில் துடுப்பைப் பிடிப்பது, எவரை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவரே. ஆட்டக்காரர்களின் அதே சீருடையைத் தானும் அணிந்திருப்பார். பந்தெறிபவர் தளர்ந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, அத்தனை பேரும் பார்த்திருக்கத் திடலின் நடுவிலுள்ள சிறு மேட்டுக்குத் தனியே நடந்து போவார், கையை நீட்டுவார், பந்தை வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். அந்த நடையை நான் பதினேழு ஆண்டுகளாகத் திடலோரத்து வாங்குப் பலகையில் இருந்தபடி பார்த்தேன். ஆட்டக் குறிப்பேடு எழுதுவது என் பொறுப்பு. உதவி முகாமையாளர் என்ற பட்டமும் இருந்தது. ஆனால் உதவியாளருக்குத் தொப்பி மட்டுமே தருவார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பெயர் பெற்ற கல்லூரி ஒன்றின் முதலாம் அணிக்கு ஆடியவன். கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் லிகிதராக இருந்தவன். இங்கே டோர்வலில், விமானப் பயணிகளுக்குரிய உணவுத் தட்டுகளை அடுக்கும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றேன். அந்த வேலையில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் என் மகனின் வயதுள்ள மேற்பார்வையாளர் ஒருவர் என் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிடுவார். நானும் திரும்பிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அணியின் வாங்கில் இருக்கும்போதுதான் நான் முழுப் பெயருடைய மனிதனாக இருந்தேன். ஆகவே, எங்கள் முகாமையாளர் ரொறன்ரோவில் மகளோடு போய் இருக்கப்போவதாக அறிவித்தபோது, அடுத்தவர் நான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவருக்கும் இருக்கவில்லை. தை மாதத்திலேயே தமது சீருடையை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார். "இனி உங்களுக்குத்தானே" என்றார். அவர் என்னைவிடப் பருத்தவர். காற்சட்டையைச் சிறுப்பிக்க வீட்டருகே உள்ள தையற்கடையில் கொடுத்தேன்.

ஒரேயொரு விடயத்தை மட்டும் இங்கே சொல்லி வைக்கவேண்டும். முந்திய ஓகஸ்டில் முகாமையாளர் ஊரில் இல்லாத ஒரு ஞாயிறு, ஆட்டத்தை நான் நடத்தினேன். ஏழாவது சுற்றில் எங்கள் பந்தெறிபவரின் தோள் தளர்ந்ததைத் தாங்கள் கண்டதாகப் பிறகு சிலர் சொன்னார்கள். அவருக்கு இருபத்தாறு வயது, வளர்ந்த மனிதர். நான் மேட்டுக்குப் போய், தொடர்ந்து எறிய முடியுமா என்று அவரையே கேட்டேன். "ஏலும் அங்கிள்" என்றார். ஏலும் என்று சொல்லும் ஆளை எப்படி இறக்குவது? திரும்பி வந்து வாங்கில் இருந்தேன். அதற்குப் பிறகு அவர் எறிந்த நாலாவது பந்தோடு தோளைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அந்த ஆண்டின் மிச்ச ஆட்டங்களை அவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். அது என் பிழை என்று எவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாதபடியால் அது முடிந்துபோன விடயம் என்று நினைத்தேன்.

எங்கள் சபைகளின் வழக்கத்தை அறியாதவர்களுக்கு இனி நடந்தது விளங்காது. எங்களிடையே பதவி வேண்டும் என்று எவரும் கையுயர்த்துவதில்லை. அது கௌரவக் குறைவு. வாக்கெடுப்பு அதைவிடக் குறைவு; தோற்றவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார், வேறு சங்கம் தொடங்கிவிடுவார். ஆகவே யார் என்பது தொலைபேசியில் முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். கூட்டத்தில் ஒருவர் பெயரை முன்மொழிவார். பெயருக்குரியவர் எழுந்து, வயது, உடல்நிலை, தகுதியின்மை என்று காரணம் காட்டி மறுப்பார். இன்னொருவர் எழுந்து வற்புறுத்துவார். மறுபடி மறுப்பார், ஆனால் குரல் சற்று இறங்கியிருக்கும். மூன்றாந்தரம் சபையே ஒரு குரலில் கேட்கும். அப்போது, "சபையின் விருப்பத்தை மீற நான் யார்" என்று ஏற்றுக்கொள்வார். முதல் மறுப்பு எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பதவிக்கு மதிப்பு. இதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு பேர் வாசலில் நின்று "நீங்கள் முதலில் போங்கோ" என்று சொல்லிக்கொள்வதைப் போன்ற ஒரு மரியாதைதான்.

இந்த வற்புறுத்தும் வேலையில் எங்கள் கழகத்தின் செயலாளரை மிஞ்ச ஆளில்லை. நேராகப் போய் மறுப்பவரின் முழங்கையைப் பிடிப்பார். "அண்ணை, நீங்கள் மாட்டன் எண்டால் நாங்கள் எல்லாரும் இப்பவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டை போறம்" என்பார். சபை சிரிக்கும். மறுத்தவர் உருகிப்போவார். ஒரு தலைவரையும், இரண்டு பொருளாளர்களையும், முன்னாள் முகாமையாளரையும் அவர் இப்படித்தான் ஆசனத்தில் இருத்தினார்.

அவர் என் நண்பர். என்னைவிட ஆறு வயது இளையவர். நாங்கள் ஒரே குளிர்காலத்தில் இந்நகரத்துக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஐந்து பேர் இருந்த ஓர் அறையில் பாய்க்குப் பாய் படுத்தவர்கள். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். நாலு பக்கம். மூன்று நாள் அவரைப் பக்கத்தில் இருத்திக் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். "என்ரை கதையை என்னைவிட வடிவாய்ச் சொன்ன ஆள் அண்ணைதான்" என்று கலியாண வீடுகளில் எல்லாம் சொல்லுவார்.

பொதுக்கூட்டம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழன் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, எல்லாரோடையும் கதைச்சாச்சு. பலசரக்குக்கடை அண்ணை உங்கடை பேரைச் சொல்லுவார்."

"பொடியள் என்ன சொல்லுறாங்கள்?"

"பொடியளை விடுங்கோ. நீங்கள் வழமைபோல எழும்பி மறுத்துச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். இந்தச் சொற்களை நான் மாற்றாமல் தருகிறேன்.

வெள்ளியும் சனியும் என் மறுப்பைத் தயாரித்தேன். எழுதினேன், வெட்டினேன், திரும்ப எழுதினேன். மனைவி குசினியில் இருந்து, "மாட்டன் எண்டு சொல்லுறதுக்கு இவ்வளவு கடதாசியோ?" என்று கேட்டாள். மறுப்பு என்பது ஏற்புரையைவிடக் கடினம் என்று அவளுக்கு விளக்கினேன். அதிலே பணிவு இருக்கவேண்டும், ஆனால் தகுதியில்லாதவன் என்று எவரும் நம்பிவிடக்கூடாது.

கூட்டம் வில்லரேயில் ஒரு நிலக்கீழ் மண்டபத்தில். வாசலில் உப்புப் படிந்த சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. பின் மேசையில் பற்றிசும் தேநீரும். வழக்கத்துக்கு மாறாக ஆட்டக்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். அவர்கள் பொதுக்கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தாலும் பற்றிஸ் முடிந்ததும் போய்விடுவார்கள். அன்று முன்வரிசைக்கு நேர் பின்னால் வரிசையாக இருந்தார்கள். எனக்கு மரியாதை செய்ய வந்ததாகவே எண்ணினேன்.

பலசரக்குக்கடை உரிமையாளர் என் பெயரை முன்மொழிந்தார். கைதட்டல் எழுந்தது. நான் எழுந்தேன். சபையோரின் அன்புக்கு நன்றி சொன்னேன். பதினேழு ஆண்டுகள் அணியின் நிழலில் நின்றதே எனக்குப் போதுமான பேறு என்றேன். வயதும் உடல்நிலையும் முன்போல இடங்கொடுப்பதில்லை என்றேன். "இந்தப் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்பதே அணிக்கு அழகு" என்று முடித்தேன். அந்தக் கடைசி வரியைச் சனி மத்தியானம் சேர்த்தேன். மறுப்புக்கு அது ஒரு நிறைவு தந்தது. அமர்ந்தேன்.

செயலாளர் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். முழங்கையை அவர் பிடிப்பதற்கு வசதியாக நாற்காலியின் கைப்பிடியில் இருந்து என் கையைச் சற்றே விலக்கி வைத்தேன். இதை எழுதுகையில் எனக்கு மிகவும் கூசுவது அந்தச் சிறு அசைவைத்தான். அவர் எனக்கு இரண்டடி முன்னால் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. சபையின் பக்கம் திரும்பினார்.

"அண்ணை ஒண்டு சொன்னால் சொன்னதுதான். அது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவரின்ரை வார்த்தைக்கு மேலை ஒரு வார்த்தை கதைக்க இந்தச் சபையிலை ஒருத்தருக்கும் தகுதியில்லை. பதவியை இப்பிடித் தூக்கிக் குடுக்கிற மனம் ஆருக்கு வரும்? எல்லாரும் எழும்பி ஒருக்கால் கைதட்டுங்கோ."

எல்லாரும் எழுந்தார்கள். முதலில் எழுந்தவர்கள் ஆட்டக்காரர்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் அவர் அடுத்த பெயரைச் சொல்லிவிட்டார். இங்கேயே பிறந்த ஒருவர். பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியர். பல்கலைக்கழக அணியில் ஆடியவர். தமிழ் நன்றாக விளங்கும், ஆனால் பேசத் தொடங்கினால் பிரெஞ்சு முந்திக்கொள்ளும். வழமைப்படி அவர் மறுப்பார் என்று சபை காத்திருந்தது. அவர் எழுந்து, "ஓகே. மெர்சி. நான் செய்யிறன்" என்று சொல்லிவிட்டு இருந்தார். மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "தம்பி, ரண்டுதரம் மாட்டன் எண்டு சொல்லவேணுமடா" என்றார்கள். "ஏன்? எனக்கு விருப்பம்தானே" என்றார் அவர். மறுபடி சிரிப்பு. என்னையும் யாரோ பார்த்தார்கள். ஆகவே நானும் சிரித்தேன்.

இறுதியில் என்னைக் கழகத்தின் போசகர் ஆக்கினார்கள். ஆண்டுக்கொருமுறை மாலை வாங்குவதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு கடமை கிடையாது. அதனை மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னொரு மறுப்பையும் அவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த வாரம் முழுவதும் வாழ்த்துகள் வந்தன. மெற்றோவில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து எனக்கு இருக்கை தந்தார். பலசரக்குக்கடையில், மரவள்ளிக்கிழங்கு தெரிவுசெய்துகொண்டு நின்ற ஒரு பெண்மணி, "உங்களைப் போல ஆக்கள் கோயில் சபைக்கு வந்தால் எவ்வளவு நல்லாய் இருக்கும்" என்றார். கடை உரிமையாளர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கிழங்கை நிறுத்தார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தேன். தையற்கடைக்குப் போய்க் காற்சட்டையை எடுத்தேன். அங்கே தைக்கும் போர்த்துக்கீச மாது, எப்போது முதல் ஆட்டம் என்று பிரெஞ்சில் கேட்டார். மே மாதம் என்றேன். இடுப்பளவு சரியாக இருக்கிறதா, போட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். அவசரம் என்று சொல்லி வெளியே வந்தேன்.

வீட்டில் மனைவி அந்தப் பையைப் பார்த்தாள். எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். சாப்பிடும்போது, "அந்தப் பெடியன் விருப்பம் எண்டு சொன்னவன், குடுத்தாங்கள். நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னியள், விட்டிட்டாங்கள். இதிலை ஆரோடை கோவிக்கிறியள்?" என்றாள். அவள் வழக்கத்தை அறியாதவள் அல்லள். அவளுடைய தகப்பனார் ஊரில் மூன்று சபைகளுக்குத் தலைவராக இருந்தவர். என்னைச் சீண்டி ஏதாவது செய்யவைக்கவே அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை காலை செயின்ட் மிஷேலுக்குப் பஸ்ஸில் போனேன். செயலாளர் வீட்டு வாசலில் சவளோடு நின்று காரைச் சுற்றியிருந்த பனியை வழித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சவளைப் பனியில் குத்தி நிறுத்தினார்.

"உள்ளை வாங்கோ அண்ணை. பிளேன்ரீ குடிப்பம்."

"இஞ்சையே கதைப்பம். நான் வேண்டாம் எண்டு சொன்னது வழக்கத்துக்கு எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

இல்லை என்று சொல்லுவார் என எதிர்பார்த்து வந்திருந்தேன். அதற்குரிய வசனங்கள்தான் என்னிடம் இருந்தன.

"தெரிஞ்சுகொண்டு செய்தனியோ?"

"ஓம். தெரிஞ்சுகொண்டுதான்." கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தார். "பொடியள் மார்கழியே என்னட்டை வந்திட்டாங்கள். நீங்கள் வந்தால் தாங்கள் வேறை அணிக்குப் போறம் எண்டு."

"எத்தினை பேர்?"

"அதை விடுங்கோ."

"எத்தினை பேர் எண்டு கேட்டனான்."

"பதினாறிலை பதினொரு பேர்."

தெருவில் பனி வழிக்கும் வண்டி ஒன்று போனது. பதினொரு பேர். அவர்கள் ஒவ்வொருவருடைய ஆட்டத்தையும் நான் என் கையெழுத்தில் பதிந்திருக்கிறேன். யார் எந்தப் பந்துக்குத் தடுமாறுவார் என்பது அவர்களின் தாய்மாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் என்ன செய்திருப்பியள்? 'பொடியளுக்கு விருப்பமில்லை, நான் விலகுறன்' எண்டு சொல்லியிருப்பியளோ? மாட்டியள். பிடிவாதமாய் நிண்டிருப்பியள். பேந்து வாக்கெடுப்பு. உங்கடை பேருக்குப் பக்கத்திலை ஒரு இலக்கம் விழும். அதை நான்தான் என்ரை கையாலை கூட்டறிக்கையிலை எழுதவேணும். இப்ப ஊர் முழுக்க உங்களைத் தெய்வம் எண்டு கதைக்குது. நான் உங்களுக்கு என்ன குறை வைச்சனான்?"

"என்ரை வாயாலையே என்னை வெளியிலை போகச் சொல்ல வைச்சாய்."

"நீங்கள்தானே இளையவர் வரவேணும் எண்டியள். அதை நான் சொல்லித்தரேல்லை."

"அது அழகுக்குச் சொன்னது."

"அண்ணை," என்றார். முதற்தடவையாக அவர் குரலில் கோபம் இருந்தது. "தோள் பறிஞ்ச பெடியன் ஏலும் எண்டதை நீங்கள் நம்பினியள். அவன் அப்ப உண்மையோ சொன்னவன்? உங்களுக்கு முன்னாலை ஏலாது எண்டு சொல்ல வெக்கத்திலை சொன்னவன். எல்லாருக்கும் அது தெரிஞ்சது. நீங்கள் அவன்ரை வார்த்தையைப் பிடிச்சுக்கொண்டு வந்து வாங்கிலை இருந்தியள். நான் உங்கடை வார்த்தையைப் பிடிச்சுக்கொண்டு வந்து மேசையிலை இருந்தன். என்னிலை மட்டும் என்ன பிழை?"

நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒன்று தோன்றியது. நான் அந்த ஆட்டக்காரரை உண்மையாகவே நம்பினேன். அது மடைமை என்றால் மடைமை. இவரோ என்னை நம்பவில்லை; நம்பியதாகக் காட்டினார். வியாழக்கிழமை தொலைபேசியை எடுத்து, வழமைபோல மறுக்கும்படி சொல்லி, அந்த மறுப்பை என்னைக்கொண்டே எழுதுவித்தார். மடைமைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் திரும்பிப் போய்க் கதவைத் தட்டுவது என் இயல்பில் இல்லை.

அவர் சொன்னதில் எதனை ஒப்புக்கொள்கிறேன், எதனை ஒப்புக்கொள்ளவில்லை என்று இந்த மாதங்களில் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர் விலகியிருந்தால் அணி அழிந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். வாக்கெடுப்பில் நான் தோற்றிருப்பேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோற்பதற்கு எனக்கு உரிமை இருந்தது. தோற்றுவிட்டு எழுந்து, ஓகஸ்ட் ஆட்டத்தைப் பற்றி அந்தப் பதினொரு பேரின் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எழுதினால் அது என்னை நானே உயர்த்திக்கொள்வதாகும். ஆயினும் அந்த வாசல் திறந்திருந்தது. அதை மூடி, மூடிய கதவுக்கு மாலை போட்டுவிட்டார். நாற்பது ஆண்டு என்னோடு பழகிய ஒருவர், என் பெயரைத்தான் நான் விரும்புகிறேன், என்னை அல்ல என்று முடிவுசெய்துவிட்டார். அந்த முடிவு முழுப் பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதுதான் அதிகம் நோகிறது.

சித்திரை மாதத்தில் அடுத்த கூட்டம் நடந்தது. அதே மண்டபம். பனி உருகி வாசலெல்லாம் சேறு. போசகர் என்ற முறையில் எனக்கு முன்வரிசையில் நடு நாற்காலி. சென்ற கூட்டத்தின் கூட்டறிக்கையைச் செயலாளர் எழுந்து வாசித்தார். என் பகுதி வந்தது. என் பெயரைத் தொடர்ந்து, "அவர்கள் தமது வயதையும் அணியின் எதிர்காலத்தையும் கருதி, முகாமையாளர் பதவியை ஏற்க உறுதியாக மறுத்து, இளையவர் ஒருவருக்கு வழிவிட்டார்கள்" என்று இருந்தது. வாசித்து முடித்து, வழமைப்படி, "இதிலை ஏதும் திருத்தம் உண்டோ?" என்று சபையைக் கேட்டார்.

கூட்டறிக்கை ஒருமுறை உறுதிசெய்யப்பட்டால் அதுவே நடந்தது. பின்னர் வருபவர்கள் அதைத்தான் வாசிப்பார்கள். பொய் என்று சொல்வதற்கு அந்த ஒரு நிமிடமே மிச்சம் இருந்தது. நான் எழுந்தேன். புதிய முகாமையாளர் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, அணியின் தொப்பியை மடியில் வைத்தபடி இருந்தார். பின்னால் பதினொரு பேரில் எத்தனை பேர் இருந்தார்களோ தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அந்தப் பதவி வேண்டியிருந்தது என்று ஒரு வசனம். நாலே சொற்கள். சொன்னால், கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தவன் என்பதையும் சேர்த்தே சொன்னதாகும். கைதட்டிய அத்தனை பேரின் முன்னாலும் அதைச் சொல்லவேண்டும்.

"'உறுதியாக' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

செயலாளர் என்னைப் பார்த்தார். மாசி மாதத்துக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். அவருக்கு விளங்கியது. அங்கிருந்தவர்களில் அவர் ஒருவருக்கே விளங்கியது.

"ஏன் அண்ணை?" என்று பின்னால் இருந்து யாரோ கேட்டார்கள்.

நான் பதில் சொல்வதற்கு முன்னரே பலசரக்குக்கடை உரிமையாளர் குரல் கொடுத்தார். "அதைக்கூடப் புகழ்ச்சி எண்டு எடுக்கச் சொல்லுறார் பாருங்கோ. இதுதான் அண்ணை." சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. நான் மறுத்துப் பேசவில்லை. செயலாளர் பேனையை எடுத்துக் குனிந்து அந்தச் சொல்லை வெட்டினார். ஒரு கோடு அல்ல, இரண்டு கோடு கீறினார். முதல் வரிசையில் இருந்த எனக்கு அது தெரிந்தது.

"திருத்தத்தோடை கூட்டறிக்கையை ஆராவது முன்மொழியுங்கோ" என்றார்.

சபையில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவனே.

"நான் முன்மொழிகிறேன், செயலாளர் அவர்களே" என்றேன்.

"அங்கிளுக்கு நான் செகண்ட்" என்று புதிய முகாமையாளர் கையை உயர்த்தினார். கூட்டறிக்கை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அன்று தொடக்கம் செயலாளரை நான் அப்படித்தான் அழைக்கிறேன். கலியாண வீட்டிலும், கோயில் வீதியிலும், கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே எதிர்ப்பட்டாலும், செயலாளர் அவர்களே என்று சொல்லி, இரண்டு கையும் கூப்பி, கடந்து போகிறேன். அருகில் நிற்பவர்கள் எங்கள் இருவருக்கும் இடையிலுள்ள மரியாதையை வியக்கிறார்கள். முதல் சில தடவைகள் அவர் "அண்ணை" என்று கூப்பிட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். இப்போது அவரும் கைகூப்புகிறார்.